நடைபாதைக்கு எத்தனை அடி வேண்டும்?

எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் நானூறு மீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்துக்குள் அம்மா ஏழு முறை பிளாட்பாரத்திலிருந்து இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. முழங்கால் வலிக்காரர் என்பதால் கணக்கு அவருக்கு மனப்பாடம். முதலில் ஒரு டிரான்ஸ்பார்மர், அப்புறம் ஒரு வீட்டு கேட், இளநீர் வண்டி, மறுபடி இரண்டு கேட், ஒரு மின் பெட்டி, கடைசியில் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கும் பைக்குகள். நான்காவது இறக்கத்துக்குப் பிறகு பெரும்பாலும் அவர் ஏறுவதே இல்லை. ரோட்டோரமாகவே நடந்துவிடுவார்.

பிளாட்பாரம் இருந்தும் ஏன் ரோட்டில் நடக்கிறீர்கள் என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். "நீ ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டு சொல்லு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கட்டியிருக்கும் அகலம் ஏறக்குறைய எங்கும் ஏழு அடி, அதாவது 2.1 மீட்டர். கேட்டால் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் மின் பெட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது 70 சென்டிமீட்டர். நான் பக்கவாட்டில் திரும்பிப் போகலாம். காய்கறிப் பையோடு அம்மா போக முடியாது.

ஏழு அடி என்பது காகிதக் கணக்கு. அம்மாவுக்குக் கிடைப்பது 70 சென்டிமீட்டர்தான். நடைபாதை, சைக்கிள் பாதை பற்றிய வடிவமைப்பு விதிகள் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளியை மூடத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சரி, இந்த விதிகளைப் போடுவது யார்? இந்தியாவில் முதன்மையானது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.). பெயரில் காங்கிரஸ் இருந்தாலும் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1934-இல் தொடங்கப்பட்ட சாலைப் பொறியாளர்களின் அமைப்பு இது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணிட்டு வழிகாட்டி வெளியிடுகிறது. நடப்பவர்களுக்கானது ஐ.ஆர்.சி. 103. அதன் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு பரவலாகப் பயன்பட்டது, 2022-இல் திருத்தப்பட்டது. சைக்கிள் பாதைக்கு ஐ.ஆர்.சி. 11. அது 1962-இல் வந்தது, 2015-இல்தான் திருத்தினார்கள். நடுவில் அரை நூற்றாண்டு போய்விட்டது என்பதே சைக்கிளுக்கு நாம் கொடுத்த மரியாதையைச் சொல்லிவிடும்.

இவை சட்டங்கள் அல்ல, வழிகாட்டிகள். மீறியதற்காக யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வார்த்தை சொன்னது. தடையில்லாத, நடக்கத் தகுந்த நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர் கோவையைச் சேர்ந்த எஸ். ராஜசேகரன். சாலைப் பாதுகாப்பு கேட்டு 2012-இல் பொதுநல மனு போட்டவர். அவர் எலும்பு முறிவு மருத்துவர் என்பதைக் கவனியுங்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

இனி எண்களுக்கு வருவோம். ஐ.ஆர்.சி. 103 படி நடைபாதையில் குறைந்தபட்சம் 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். இந்த 1.8 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். ஒரு சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போக 90 சென்டிமீட்டர் வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு வந்தால் 1.8. அதே அகலத்தில் குழந்தையைக் கைப்பிடித்து ஒருவர் போகும்போது எதிரே மூட்டையோடு இன்னொருவர் வரலாம், யாரும் ஒதுங்க வேண்டாம். 2.2 மீட்டர் உயரம் எதற்கு? தாழ்ந்த மரக்கிளையும் கடையின் பெயர்ப் பலகையும் தலையில் இடிக்காமல் இருக்க. கண் தெரியாதவர் கோலால் தரையைத் தட்டி நடக்கிறார். நெற்றி உயரத்தில் தொங்கும் பலகை அந்தக் கோலுக்கு அகப்படாது.

இது குடியிருப்புத் தெருக்களுக்கான குறைந்தபட்சம். கடைத்தெருவில் 2.5 மீட்டர், நெரிசல் மிகுந்த வணிகப் பகுதியில் 4 மீட்டர் என்று கூடிக்கொண்டே போகும். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை மாட்டிக்கொண்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் முக்கியமான கருத்து வருகிறது. அந்த 1.8 மீட்டர் என்பது நடைபாதையின் மொத்த அகலம் அல்ல. நடைபாதையை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சுவரையோ கடையையோ ஒட்டியிருப்பது ஒரு பட்டை. கடை வாசலில் நின்று பொருள் பார்ப்பவர்கள், படிக்கட்டு, செருப்பு விடும் இடம் எல்லாம் அதில். சாலையை ஒட்டியிருப்பது இன்னொரு பட்டை. மரம், விளக்குக் கம்பம், மின் பெட்டி, பெஞ்ச், குப்பைத் தொட்டி, தள்ளுவண்டிக் கடை எல்லாம் அங்கேதான் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது நடக்கும் பட்டை. 1.8 மீட்டர் என்பது இந்த நடுப் பட்டைக்கு மட்டும் உரிய அளவு. அதில் ஒரு கம்பம்கூட வரக் கூடாது.

எங்கள் தெருவில் என்ன நடந்திருக்கிறது என்று இப்போது சொல்லலாம். 2.1 மீட்டரை மொத்தமாகக் கட்டிவிட்டார்கள், பிரிக்கவில்லை. மின் பெட்டிக்கு இடம் ஒதுக்காததால் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. நடைபாதை போட்டது ஒரு துறை, பெட்டி வைத்தது இன்னொரு துறை, வடிகால் தோண்டியது மூன்றாவது. மூவரும் அவரவர் வேலையைச் சரியாகவே முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று: 400 மீட்டர் பாதையில் 395 மீட்டர் சரியாக இருந்து 5 மீட்டர் மட்டும் கெட்டிருந்தால், பாதை ஏறக்குறைய 99 சதவீதம் சரி என்று ஆகாது. சக்கர நாற்காலிக்காரருக்கு அது பூஜ்யம். குழாயில் எங்கே அடைப்போ அங்கே தண்ணீர் நிற்பது மாதிரி, மிகக் குறுகலான இடம்தான் முழுப் பாதையின் அகலத்தையும் தீர்மானிக்கிறது. இந்த நியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு இடத்தில் இது நமக்குச் சாதகமாகத் திரும்பும்.

அகலத்துக்கு அடுத்தது உயரம். சாலை மட்டத்திலிருந்து நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஒரு சாதாரண மாடிப்படியின் உயரம் அது. ஆனால் நம் ஊரில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் பல இடங்களில் பிளாட்பாரம். வடிகால் எவ்வளவு உயரமோ பிளாட்பாரமும் அவ்வளவு உயரம். ஒன்றரைப் படி, இரண்டு படி உயரத்துக்குக் கட்டியதை எல்லோரும் பார்த்திருப்போம். உயர்த்திக் கட்டினால் பைக் ஏறாது என்பது ஒரு நம்பிக்கை. பைக் ஏறும். பாட்டிதான் ஏற மாட்டார்.

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1-க்கு 12, அதாவது ஓர் அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம். 150 மில்லிமீட்டர் உயர நடைபாதைக்கு 1.8 மீட்டர் நீளமான சாய்வு தேவை. 300 மில்லிமீட்டர் என்றால் 3.6 மீட்டர். அந்த நீளம் எந்தத் தெருமுனையிலும் கிடைக்காது. உடனே செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் பூசி சாய்தளம் என்று கணக்கு காட்டிவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலியை ஏற்றப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள வேண்டும். உயரத்தைக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீரும்.

வீட்டு கேட்டுகளிலும் இதே கதைதான். கார் உள்ளே போவதற்காக ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் நடைபாதையை வெட்டிச் சரித்துவிடுகிறோம். நடப்பவர் இறங்கி ஏற, கார் நேராகப் போகிறது. விதி இதைத் தலைகீழாகச் சொல்கிறது. நடைபாதை அதே மட்டத்தில் நேராகப் போக வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். அதற்கான சரிவு சாலையோரப் பட்டைக்குள், மரங்களும் கம்பங்களும் நிற்கும் வரிசையில் முடிந்துவிட வேண்டும். இரண்டு டன் எடையை எஞ்சின் ஏற்றிக்கொள்ளும். முழங்காலுக்கு எஞ்சின் கிடையாது. ஏழு இறக்கங்களில் மூன்றை இது ஒன்றே அழித்துவிடும்.

மஞ்சள் நிறத்தில் புடைப்புகளோடு பதிக்கும் ஓடுகளை மெட்ரோ ரயில் நிலையங்களில் மிதித்திருப்பீர்கள். அவை அலங்காரம் அல்ல. ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-இல் கண்டுபிடித்து, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தவை. நீளக் கோடுகள் இருந்தால் 'இந்த வழியே போ' என்று பொருள், வட்டப் புள்ளிகள் இருந்தால் 'நில், ஏதோ வருகிறது' என்று பொருள். பார்வையற்றவர் காலாலும் கோலாலும் படிக்கும் எழுத்து அது. அர்த்தம் தெரியாமல் அழகுக்காகப் பதித்தால், கோடுகள் நேராக ஒரு மரத்தில் கொண்டுபோய் முட்டவிடும். அப்படிப்பட்ட ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மரத்தைச் சுற்றி ஓடுகளை வெட்டிப் பொருத்தியிருந்த நேர்த்தி மட்டும் பாராட்டத்தக்கது.

பைக் ஏறாமல் தடுக்க நடைபாதை முனையில் குட்டைத் தூண்கள் நடுகிறார்களே, அது பற்றியும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போக வேண்டிய 90 சென்டிமீட்டரைவிட பைக்கின் ஹேண்டில்பார் பொதுவாக அகலம் குறைவு. ஆகவே நாற்காலி நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். பைக்கைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கினால் நாற்காலியும் நின்றுவிடும். தூண் கார்களைத் தடுக்கும், அவ்வளவுதான். பைக்கைத் தடுப்பது அபராதத்தின் வேலை. காவலர் செய்ய வேண்டியதை கான்கிரீட்டிடம் ஒப்படைத்தால், மாட்டிக்கொள்வது மாற்றுத்திறனாளிதான்.

இனி சாலையைக் கடப்பது. நம் நகரங்களில் யாராவது அடிபட்டதும் எழும் முதல் கோரிக்கை நடை மேம்பாலம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழே பஸ்ஸும் லாரியும் போக வேண்டும் என்பதால் மேம்பாலத்தின் தளம் ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். 15 சென்டிமீட்டர் படி என்றால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். சாய்தளமாகக் கட்டினால் ஒரு பக்கத்துக்கு 72 மீட்டர். 14 மீட்டர் சாலையைக் கடக்க! மக்கள் கீழேயே ஓடுவதை ஒழுங்கீனம் என்று திட்டுவோம். அது உடம்பு போடும் கணக்கு. லிப்ட் வைக்கிறார்கள், நல்லதுதான். அது ஓடும் நாட்களில் மட்டும். முடிந்தவரை தரை மட்டத்திலேயே கடக்க வழி செய்வதுதான் இன்றைய வடிவமைப்பு முறை.

தரை மட்டத்தில் பாதுகாப்பாகக் கடக்க நல்ல உத்திகள் இருக்கின்றன. சாலையையே அந்த இடத்தில் நடைபாதை மட்டத்துக்கு மேடையாக உயர்த்துவது ஒன்று. ஸ்பீட் பிரேக்கரும் ஜீப்ரா கிராஸிங்கும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. நடப்பவர் இறங்கவே வேண்டாம், வண்டிகள் வேகம் குறைத்தே ஆக வேண்டும். அகலமான சாலையில் நடுவே நின்று மூச்சு விட ஒரு திட்டு அமைப்பது இன்னொன்று. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ நிற்க இடம் வேண்டும் என்பதால் திட்டு 2 மீட்டராவது இருப்பது நல்லது. அடுத்து முனையின் வளைவு. திருப்பத்தின் வளைவு பெரிதாக இருந்தால் கார் பிரேக்கே போடாமல் திரும்பும். வளைவைச் சிறிதாக்கினால் தானாகவே வேகம் குறையும், கடக்க வேண்டிய தூரமும் சுருங்கும்.

சிக்னலில் நடப்பவருக்கான பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும்? பொறியாளர்கள் பொதுவாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடை வேகம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடி. அம்மாவின் வேகத்தை அளந்தேன். விநாடிக்கு 80 சென்டிமீட்டர். அவருக்கு 17 விநாடிக்கும் மேல் வேண்டும். அந்த ஐந்து விநாடி யாருடைய அவசரத்துக்காகக் கழிக்கப்படுகிறது என்று யோசித்தால், சிக்னல் என்பது வெறும் மின்சாதனம் அல்ல என்பது தெரியும்.

சைக்கிளுக்கு வருகிறேன். சென்னையில் 1970-இல் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008 கணக்கெடுப்பில் அது சுமார் 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மோட்டார் பைக். ஆனால் சைக்கிள் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தறிவோடு சைக்கிளும் ஒரு பாடமாக இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் மாநிலம் நம்முடையது. சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஓட்டப் பாதை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாத் தெருவிலும் தனிச் சைக்கிள் பாதை வேண்டுமா? வேண்டாம். முடிவு செய்வது வண்டிகளின் வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்று பள்ளியில் படித்திருப்போம். 30 கிலோமீட்டரில் வரும் காரைவிட 60-இல் வரும் அதே காரின் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால் 30-க்குள் ஓடும் குடியிருப்புத் தெருக்களில் சைக்கிளும் வண்டியும் கலந்து போகலாம். அங்கே தேவை தனிப்பாதை அல்ல, அந்த 30-ஐ உண்மையாகவே 30-ஆக வைத்திருப்பது. சென்னைக் காவல்துறை 2023-இல் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கி.மீ. வரம்பு அறிவித்தது. போர்டு மாட்டினால் வேகம் குறையாது. தெருவின் அகலமும் வளைவும் மேடும்தான் குறைக்கும். 50, 60 ஓடும் பெரிய சாலைகளில் மட்டும் சைக்கிளைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிப்பது என்றால் வெள்ளைக் கோடு போடுவது அல்ல. பெயின்ட் போட்ட சைக்கிள் பாதை ஒரு வாரத்தில் பார்க்கிங்காக மாறிவிடும். ஒருவழிச் சைக்கிள் பாதைக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3 மீட்டர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. சைக்கிள் ஓட்டுபவர் நேர்கோட்டில் போவதில்லை. மெதுவாகப் போகும்போது இன்னும் அதிகமாக ஆடுவார். ஓர் ஆளுக்கு ஒரு மீட்டர் என்றால், ஒருவரை ஒருவர் முந்த 2 மீட்டர். பாதையைச் சாலையைவிடச் சற்று உயர்த்தி, நடைபாதையைவிடத் தாழ்த்தி அமைப்பது நல்லது. உயர்த்தாவிட்டால் மழைநீரும் குப்பையும் அங்கேதான் சேரும். சாலைக்கும் அதற்கும் நடுவே அரை மீட்டராவது தடுப்பு இருக்க வேண்டும். அருகில் கார் நிறுத்தும் இடம் இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும், காரின் கதவு திடீரென்று திறக்குமே. அப்புறம் தரை: பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம். நடப்பவருக்கு அது பரவாயில்லை, சைக்கிளில் போகிறவருக்குப் பல்லெல்லாம் ஆடும். தார் அல்லது வழவழப்பான கான்கிரீட் போதும். மழைநீர் போகும் இரும்புக் கிராதியின் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கரம் மாட்டிக்கொள்ளும். இது சின்ன விஷயம்தான். மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் பெரிது.

பாதை கெடும் இடம் முக்குத்தான். நேராகப் போகும் சைக்கிளைக் குறுக்கே வெட்டி ஒரு கார் இடது பக்கம் திரும்பும். பஸ் ஸ்டாப்பில் பஸ் ஓரம் கட்டும்போது பாதையையே மறித்துவிடும். இதற்கு நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் தீர்வுகள் கண்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பைத் திட்டாக்கி, சைக்கிள் பாதையை அதற்குப் பின்புறமாகக் கொண்டுபோவார்கள். சின்னச் சந்துகள் குறுக்கிடும் இடத்தில் பாதை அதே மட்டத்தில், அதே நிறத்தில் தொடரும். சந்திலிருந்து வரும் கார்தான் ஏறி இறங்க வேண்டும். நம் கேட் கதைதான் இது, வேறு ஊரில்.

டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. 1950, 60-களில் அவர்களும் கார்களுக்காக நகரங்களை உடைத்தார்கள். 1971-இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் எழுந்து பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். அடுத்து 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. இன்று அவர்களின் வடிவமைப்புக் கையேடு சைக்கிள் பாதைக்கு ஐந்து குணங்களைக் கேட்கிறது: நடுவில் அறுபடாமை, சுற்றாமல் நேராகப் போவது, பாதுகாப்பு, வசதி, ஓட்ட ஆசை வரும்படியான சூழல். முதலில் சொல்லப்படுவது அறுபடாமை என்பதைப் பாருங்கள். நம் நாட்டில் இதற்கு நேரெதிரான பாடம் டெல்லியில் கிடைத்தது. 2008-இல் பஸ்களுக்கான தனித்தடத்தோடு சைக்கிள் பாதையும் போட்டார்கள். தனித்தடத்தால் கார்கள் நெரிசலில் நிற்கின்றன என்ற எதிர்ப்பு ஓயவே இல்லை. 2016-இல் அதை இடித்தார்கள்.

இதையெல்லாம் கேட்டதும் எழும் கேள்வி, "இடம் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்விதான். மேலே நினைவில் வைக்கச் சொன்ன நியாயத்தை இப்போது எடுக்கலாம். குறுகலான இடம்தான் பாதையின் திறனைத் தீர்மானிக்கும் என்பது வண்டிகளுக்கும் பொருந்தும். ஒரு சாலை ஓரிடத்தில் 10 மீட்டர், அடுத்து 15, மறுபடி 10 என்று போனால், அந்த நடு 15 மீட்டரால் போக்குவரத்துக்கு ஒரு பயனும் இல்லை. அங்கே வண்டிகள் முந்தும், அடுத்த குறுகலில் நெரிசலாகும். பெரும்பாலும் அந்த வயிற்றுப் பகுதி இலவச பார்க்கிங்காக மாறிவிடும். ஆகவே சாலையை முழு நீளத்துக்கும் ஒரே அகலத்தில் வைத்துக்கொண்டு, மிச்சம் இருப்பதை எல்லாம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் கொடுத்துவிடலாம். வண்டிகள் எதையும் இழக்கவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த உத்தி இதுதான், பிறர் நிலத்தைக் கேட்காமலேயே இடம் கிடைக்கிறதே.

லேன் அகலத்திலும் கொஞ்சம் மிஞ்சும். ஒரு பஸ்ஸின் அகலம் அதிகபட்சம் 2.6 மீட்டர். நெடுஞ்சாலை வேகத்துக்கான 3.5 மீட்டர் லேன் நகருக்குள் அவசியமில்லை. நான்கு லேன் சாலையில் பஸ் போகும் ஓர லேன்கள் 3.3, உள் லேன்கள் 3 என்று வைத்தால் 14 மீட்டர் 12.6 ஆகும். பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர் மிச்சம். எங்கள் மின் பெட்டிக்கு அருகில் அதைச் சேர்த்தால் 1.4 மீட்டர். 1.8 வராது. ஆனால் சக்கர நாற்காலி போகும்.

இது கனவல்ல. 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதத்தை இவர்களுக்கே ஒதுக்குவதாகச் சொன்னது. பல பஸ் வழித்தடச் சாலைகளில் நடைபாதைகள் மறுபடி கட்டப்பட்டன. 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கே போனால் மேலே சொன்ன பட்டைகளைக் காலாலேயே உணரலாம். மரமும் பெஞ்சும் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க, நடுவில் தங்குதடையில்லாமல் நடக்கலாம். பெங்களூரிலும் சில சாலைகளில் கேபிள், குழாய் எல்லாவற்றையும் நடைபாதைக்கு அடியில் வரிசைப்படுத்திய பிறகே மேல் தளம் போட்டார்கள். மறுபடி மறுபடி தோண்டாமல் இருக்க அதுதான் வழி. செலவு அதிகம் என்று விமர்சித்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை தோண்டும் செலவை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இளநீர் வண்டிக்காரரை என்ன செய்வது? அவரை விரட்டுவது எளிது, மறுநாள் திரும்ப வருவார். வராவிட்டாலும் நமக்குத்தான் நஷ்டம். இரவு ஒன்பது மணிக்கு அந்த வண்டியின் விளக்கு எரிவதால்தான் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் அந்தப் பக்கமாக நடந்து வருகிறாள். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம், எங்கே விற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் நகரக் குழுவில் வியாபாரிகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் தருகிறது. வரைபடத்திலேயே சாலையோரப் பட்டையில் அவருக்கும் இரண்டு மீட்டர் போட்டுவிட்டால் முடிந்தது.

உங்கள் தெருவை அளக்க நினைத்தால் அகலமான இடத்தை விட்டுவிடுங்கள். குறுகலான இடத்தைத் தேடி அளந்து எழுதுங்கள், படம் எடுங்கள். மனுவில் 'நடைபாதை சரியில்லை' என்று எழுதினால் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். 'இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே 70 சென்டிமீட்டர், இருக்க வேண்டியது 1.8 மீட்டர்' என்று எழுதினால் யாராவது ஒருவர் வந்து பார்ப்பார். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். மின் பெட்டியைச் சாலையோரமாக நகர்த்தலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். கேபிள் எப்படிப் போகிறது என்று பார்க்க வடிகால் மூடி ஒன்றைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று வாரமாகிறது, மூடி இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது. அம்மாவின் கணக்கு இப்போது எட்டு.